எச்சரிக்கைகள் குவிகின்றன, பார்க்க ஆளில்லை: சீம் அமைப்பை எங்கிருந்து சீரமைக்கத் தொடங்குவது?

கேள்வி | நிறைமதி

அனைவருக்கும் வணக்கம். 1,200 பேர் பணியாற்றும் ஒரு நிறுவனத்தில் தகவல் பாதுகாப்புப் பொறுப்பை நானும் இன்னும் இருவரும் கவனித்துக்கொள்கிறோம். சென்ற ஆண்டுத் தணிக்கையில் எழுந்த ஒரு குறையை நிவர்த்தி செய்வதற்காக, பாதுகாப்பு நிகழ்வுகளைத் திரட்டிக் கண்காணிக்கும் சீம் அமைப்பு ஒன்றை நிர்வாகம் வாங்கிக் கொடுத்தது. விற்பனை நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து, ஃபயர்வால், ஊழியர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி, மின்னஞ்சல், வைரஸ் தடுப்பு மென்பொருள், சுமார் 90 சர்வர்கள் எனக் கைக்கு எட்டிய எல்லாவற்றையும் இணைத்து, எது நடந்தால் எச்சரிக்க வேண்டும் என்று சொல்லும், அமைப்புடன் சேர்ந்தே வரும் விதிகள் அனைத்தையும் இயக்கிவிட்டுச் சென்றார்கள்.

இப்போது நாளொன்றுக்கு மூவாயிரத்துக்குக் குறையாமல் எச்சரிக்கைகள் வருகின்றன. தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தோம். பேக்அப் மென்பொருள் எல்லாச் சர்வர்களையும் தொடுவது, பாதிப்புகளைத் தேடும் ஸ்கேனர் வலையமைப்பைத் துழாவுவது, கடவுச்சொல்லை மாற்றிய ஊழியர் ஒருவரின் கைப்பேசி பழைய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு விடாமல் முட்டிக்கொண்டிருப்பது என்று பெரும்பாலானவை ஆபத்தில்லாதவையாகவே இருந்தன. நாளடைவில் 'மிக அவசரம்' என்ற வகையை மட்டும் பார்ப்பது என்றாகி, இப்போது அதையும் முழுமையாகப் பார்க்க முடியவில்லை. இதற்கிடையே நாங்கள் அனுப்பும் பதிவுகளின் (கருவிகள் தம் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாக்) அளவு உரிமத்தின் வரம்பைத் தாண்டிவிட்டதால், பெரிய உரிமம் வாங்கச் சொல்கிறார்கள். நிர்வாகமோ இந்த அமைப்பால் இதுவரை என்ன பயன் என்று கேட்கிறது. அதற்கு நேர்மையாகச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

வேறு அமைப்புக்கு மாறுவதா, கண்காணிப்பை வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பதா, இருப்பதையே சீரமைப்பதா? சீரமைப்பதென்றால் மூன்று பேர் கொண்ட குழு எந்த நுனியைப் பிடித்துத் தொடங்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் | வடிகட்டி

வணக்கம் நிறைமதி. அமைப்பை மாற்றுவதால் இது தீராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே மூலங்களை (பதிவு அனுப்பும் கருவிகளை), இதே போல ஆயத்தமாக வரும் விதிகளுடன், ஸ்பிளங்க் என்ற சீமில் இணைத்தாலும் மைக்ரோசாஃப்ட் சென்டினலில் இணைத்தாலும், திறந்த மூல மென்பொருளான வாசூவில் இணைத்தாலும், சில மாதங்களில் இதே கேள்விக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. நாளொன்றுக்கு 10 லட்சம் நிகழ்வுகள் வருகின்றன, அவற்றில் உண்மையான தாக்குதலைச் சேர்ந்தவை 10 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விதிகள் அந்த 10-ஐயும் தவறாமல் பிடித்து, சாதாரண நிகழ்வுகளில் ஆயிரத்துக்கு ஒன்றை மட்டுமே தவறாகச் சந்தேகித்தாலும், 1,000 பொய் எச்சரிக்கைகளுக்கு நடுவேதான் அந்த 10 கிடக்கும். நூறைத் திறந்தால் ஒன்றுதான் உண்மையாக இருக்கும். ஊடுருவலைக் கண்டறியும் அமைப்புகளைப் பொறுத்தவரை பொய் எச்சரிக்கை விகிதம்தான் அவற்றின் பயனுக்கு எல்லை வகுக்கிறது என்பதை ஸ்டெஃபான் அக்செல்சன் என்ற ஆய்வாளர் 1999-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். உங்கள் குழு சோம்பலால் தோற்கவில்லை. இந்தக் கணக்கை எதிர்த்து மூன்று பேர் வெல்ல முடியாது.

2013-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான டார்கெட்டின் 4 கோடி கட்டண அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டபோது, அவர்களிடம் இருந்த கண்காணிப்புக் கருவி எச்சரிக்கை எழுப்பத் தவறவில்லை. எழுந்த எச்சரிக்கையை மதிப்பிட்ட குழு, உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டது. இதைப் பின்னர் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. நல்ல கருவியும் ஆட்களும் இருந்த இடத்திலேயே இது நடந்தது என்பதை உங்கள் நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எனவே விதிகளில் பெரும்பகுதியை நிறுத்திவிடுங்கள். அழிக்க வேண்டாம், நிறுத்தினால் போதும். பிறகு உங்கள் நிறுவனத்தில் நடந்தால் நள்ளிரவில் எழுப்பியாவது உங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய நிகழ்வுகள் எவை என்று மூவரும் உட்கார்ந்து எழுதுங்கள். பத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலையமைப்பு முழுவதையும் ஆளும் உரிமை கொண்ட டொமைன் நிர்வாகிகள் குழுவில் புதிதாக ஒருவர் சேர்க்கப்படுவது (விண்டோஸ் நிகழ்வு எண் 4728), பாதுகாப்புப் பதிவே அழிக்கப்படுவது (1102), பேக்அப் பிரதிகள் நீக்கப்படுவது, பல அடுக்கு அங்கீகாரம் (கடவுச்சொல்லுக்கு மேலும் ஒரு சான்று கேட்பது) ஒரு கணக்குக்கு மட்டும் முடக்கப்படுவது போன்றவை எந்த நிறுவனத்திலும் அன்றாடம் நடப்பவை அல்ல. இவற்றுக்கான விதிகள் மிகச் சில எச்சரிக்கைகளையே தரும். வந்தால் ஒவ்வொன்றும் பார்க்கத் தகுந்ததாக இருக்கும்.

ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டு, எப்படிச் செதுக்குவது என்று காட்டுகிறேன். தோல்வியடைந்த உள்நுழைவு விண்டோஸில் 4625 என்ற எண்ணுடன் பதிவாகிறது. 'பத்து நிமிடத்தில் பத்துத் தோல்வி' என்ற ஆயத்த விதி உங்கள் ஊழியரின் கைப்பேசியைப் பிடிக்கும்; ஒரே கடவுச்சொல்லை நூறு கணக்குகளில் தலா ஒரு முறை முயன்று பார்க்கும் தாக்குபவரை விட்டுவிடும். ஆகவே ஒரு கணக்கின் தோல்விகளை எண்ணாமல், ஒரே மூல முகவரியிலிருந்து எத்தனை வெவ்வேறு கணக்குகள் தோற்றன என்று எண்ணுங்கள். தோல்விக்கான காரணமும் அதே பதிவில் இருக்கிறது: 'கடவுச்சொல் தவறு' என்பது ஒரு குறியீடு, 'அப்படியொரு பயனரே இல்லை' என்பது இன்னொன்று. இல்லாத பெயர்கள் வரிசையாக வந்தால் யாரோ ஊகித்துப் பார்க்கிறார் என்று பொருள்; இருக்கும் பெயர்கள் மட்டுமே வந்தால் ஊழியர் பட்டியல் அவர் கையில் இருக்கிறது. அந்தத் தோல்விகளுக்குப் பின் அதே முகவரியிலிருந்து ஒரு வெற்றி, அதாவது 4624, வந்துவிட்டால் மட்டும் எச்சரிக்கையை மிக அவசர வகைக்கு உயர்த்துங்கள்.

விலக்கு அளிக்கும்போது மிகுந்த கவனம் தேவை. பேக்அப் சர்வரின் முகவரியை மொத்தமாக விலக்கிவிட்டால், அந்தச் சர்வரைக் கைப்பற்றியவர் என்ன செய்தாலும் உங்கள் திரையில் தெரியாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் கும்பல்கள் முதலில் தேடுவதும் அந்தச் சர்வரைத்தான். இந்தக் கணக்கு, இந்த முகவரியிலிருந்து, இந்தச் செயலை, இந்த நேரத்தில் செய்தால் மட்டும் விலக்கு என்று குறுக்குங்கள். விலக்குக்கு ஒரு காலாவதி நாளும் வையுங்கள்.

பதில் | இரவுப்பணி

வடிகட்டி கூறியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் அந்தப் பத்து விதிகளும் உண்மையில் உயிரோடு இருக்கின்றனவா என்று எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூவாயிரம் எச்சரிக்கைகளைக் கண்டு எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஒரு மூலத்திலிருந்து ஒன்றுமே வராமல் போவதை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய அச்சம்.

அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017-இல் நடந்த ஊடுருவலில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மறையாக்கப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவி அவர்களிடம் இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால் அது எதையும் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று எவரிடமும் சொல்லவும் இல்லை. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்த உடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து திரையில் தோன்றியது. அதற்குள், மே மாத நடுப்பகுதியிலிருந்தே உள்ளே இருந்தவர்கள் 14 கோடிக்கும் அதிகமானோரின் தகவல்களை எடுத்துச் சென்றிருந்தார்கள்.

ஒரு மூலம் ஊமையாவதற்கு வழிகள் பல. ஃபயர்வால் போன்ற கருவிகள் சிஸ்லாக் என்ற பொது வடிவப் பதிவுகளைப் பெரும்பாலும் யுடிபி என்ற அனுப்பு முறையில், 514 என்ற வழி எண்ணில் அனுப்புகின்றன. அதில் போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யும் ஏற்பாடே கிடையாது, நெரிசலில் தொலைந்தவை தொலைந்தவைதான். முக்கியமான மூலங்களையாவது போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபி அல்லது அதன் மேல் மறையாக்கமும் சேர்க்கும் டிஎல்எஸ் வழிக்கு மாற்றுங்கள். கருவியின் மென்பொருளைப் புதுப்பித்தவுடன் பதிவின் வடிவம் மாறிவிடுவது மற்றொரு வழி. பதிவு வந்துகொண்டே இருக்கும், அளவும் குறையாது, ஆனால் பயனர் பெயர் இருக்க வேண்டிய புலம் வெறுமையாக இருப்பதால் அதை நம்பியிருந்த விதி ஒருபோதும் பொருந்தாது. நேரமும் அப்படித்தான்: ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறி ஆவணத்தில் விவரிக்கப்பட்ட பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. ஒரு கருவி உள்ளூர் நேரத்திலும் மற்றொன்று உலகப் பொது நேரமான யுடிசியிலும் எழுதினால், இரண்டையும் பத்து நிமிட இடைவெளிக்குள் பொருத்திப் பார்க்கும் விதி எந்நாளும் எழாது. எல்லாக் கருவிகளையும், நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி மூலம் ஒரே கடிகாரத்தோடு இணைப்பது சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் அதை முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஆகவே ஒவ்வொரு மூலத்துக்கும் எவ்வளவு நேர மௌனம் இயல்பானது என்று தனித்தனியே வரையறுங்கள். எல்லோரது உள்நுழைவையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் 15 நிமிடம் மௌனமாக இருந்தால் அதுவே ஒரு பெரிய எச்சரிக்கை. எப்போதாவது பயன்படும் ஒரு செயலி ஒரு நாள் மௌனமாக இருக்கலாம். இதை ஒரே அளவுகோலால் அளந்தால் மீண்டும் பொய் எச்சரிக்கைகள் பெருகும்.

மேலே சொன்ன 4625 பற்றி ஒரு திருத்தம் அல்ல, ஒரு சேர்க்கை. அந்த நிகழ்வு, எந்தக் கணினிக்குள் நுழைய முயன்றார்களோ அந்தக் கணினியில்தான் பதிவாகும். விண்டோஸ் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறைகளில் ஒன்றான கெர்பரோஸில் கடவுச்சொல் தவறாகும்போது டொமைன் கன்ட்ரோலரில் பதிவாவது 4771. என்டிஎல்எம் என்ற பழைய முறையில் பதிவாவது 4776. டொமைன் கன்ட்ரோலர்களின் பதிவை மட்டும் திரட்டிக்கொண்டு 4625-க்கு விதி எழுதினால், தாக்குதலின் பெரும்பகுதி அதன் கண்ணில் படாது. அதே போல, ஒரு நிரல் தொடங்கியதைச் சொல்லும் 4688 நிகழ்வு விண்டோஸில் இயல்பாக இயங்குவதில்லை; அதை இயக்கிய பிறகும், எந்தக் கட்டளை வரியுடன் தொடங்கியது என்ற விவரத்தைப் பெற வேறொரு அமைப்பைத் தனியே இயக்க வேண்டும். இதைச் செய்யாமலேயே விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் வழியான தாக்குதல்களைக் கண்டறிவதாகச் சொல்லும் விதிகளைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இவை அனைத்துக்கும் ஒரே சோதனை, அந்த நிகழ்வை நீங்களே நடத்திப் பார்ப்பது. ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, அனுமதி பெற்று, டொமைன் நிர்வாகிகள் குழுவில் சேர்த்து, எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில் யாருடைய கைக்கு வந்தது என்று குறித்துக்கொண்டு, உடனே நீக்கிவிடுங்கள். பத்து விதிகளையும் மாதம் ஒரு முறை இப்படி எழுப்பிப் பாருங்கள். தாக்குதல் முறைகளை வகைப்படுத்தும் மைட்டர் அட்டாக் பட்டியலை ஒட்டி அமைந்த அட்டாமிக் ரெட் டீம் என்ற திறந்த மூலத் தொகுப்பில் இதற்கான சிறுசிறு சோதனைகள் ஏராளமாக உள்ளன. முதலில் அவற்றைச் சோதனைக் கணினியில் மட்டும் ஓட்டுங்கள்.

பதில் | ஆழ்நோக்கு

விதிகளைக் குறைப்பது சரி. ஆனால் உரிமத்தின் அளவுக்குப் பயந்து பதிவுகளையும் சேர்த்துக் குறைத்துவிடாதீர்கள் என்று வலியுறுத்த விரும்புகிறேன். எச்சரிக்கைக்குப் பயன்படும் பதிவு வேறு, விசாரணைக்குப் பயன்படும் பதிவு வேறு.

வலையமைப்புகளை நிர்வகிக்கப் பல நிறுவனங்கள் பயன்படுத்திய சோலார்விண்ட்ஸ் மென்பொருளின், தாக்குபவர்கள் நச்சு கலந்த புதுப்பிப்புகள் 2020 மார்ச் மாதத்திலிருந்து வெளியாயின. உலகுக்குத் தெரிந்தது டிசம்பரில். 90 நாள் பதிவுகளை மட்டும் வைத்திருந்தவர்களால், தங்கள் சர்வர் கோடைக்காலத்தில் எந்த முகவரியோடு பேசியது என்ற அடிப்படைக் கேள்விக்கே விடை காண முடியாது. தளப்பெயர்களுக்கு முகவரி தேடும் டிஎன்எஸ் வினவல்களையும், இணையப் போக்குவரத்தை இடைநின்று கடத்தும் ப்ராக்ஸி சர்வரின் பதிவுகளையும் வைத்து எச்சரிக்கை எழுப்புவது கடினம், ஆனால் இத்தகைய நாளில் அவற்றைவிட மதிப்புள்ள ஆதாரம் கிடையாது.

2023-இல் மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சேவைக்குள் ஒரு குழு திருடிய கையொப்பச் சாவியை (உள்நுழைவு அனுமதியை உண்மையானதாகக் காட்டும் மறைகுறிச் சாவி) கொண்டு நுழைந்தபோது, அதை முதலில் கண்டுபிடித்தது அமெரிக்க வெளியுறவுத் துறையின் கண்காணிப்பு மையம். எந்தச் செயலி எந்த மடலை அணுகியது என்று சொல்லும் பதிவு அப்போது உயர்நிலை உரிமம் பெற்றவர்களுக்கே கிடைத்தது. அந்தத் துறை அதைப் பெற்றிருந்ததோடு, அதன் மீது தானே ஒரு விதியையும் எழுதி வைத்திருந்தது. அதே தாக்குதலுக்கு ஆளாகி, அந்தப் பதிவு இல்லாதவர்களுக்குப் பிறர் சொல்லித்தான் தெரிந்தது. இதற்குப் பிறகே அந்தப் பதிவுகளைக் கூடுதல் கட்டணமின்றிப் பலருக்கும் திறந்துவிட்ட மைக்ரோசாஃப்ட், இயல்பான சேமிப்புக் காலத்தையும் 90 நாளிலிருந்து 180 நாளாக உயர்த்தியது.

அளவைக் கணக்கிடுவது கடினமல்ல. நொடிக்கு 2,000 நிகழ்வுகள், ஒன்று சராசரியாக 500 பைட் என்றால் நொடிக்கு ஒரு மெகாபைட், நாளொன்றுக்கு 86.4 ஜிகாபைட், ஆண்டுக்கு ஏறத்தாழ 31.5 டெராபைட். சுருக்கிச் சேமித்தால் இது மிகவும் குறையும். இவ்வளவையும் சீம் அமைப்பின் விலையுயர்ந்த தேடல் அடுக்கில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. சேகரிப்பு நிலையிலேயே பதிவுகளை இரண்டாகப் பிரித்து, விதிகளுக்குத் தேவையானதை மட்டும் சீமுக்கு அனுப்பிவிட்டு, முழுத் தொகுப்பையும் மாற்ற முடியாத வகையில் பூட்டிய மலிவான சேமிப்பகத்தில் வையுங்கள். கட்டண அட்டைத் தகவல்களைக் கையாள்பவர்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலை, 12 மாதப் பதிவையும், அதில் கடைசி 3 மாதத்தை உடனே ஆராயும் நிலையிலும் வைத்திருக்கச் சொல்கிறது. அந்தத் தரநிலை உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், நல்ல தொடக்க அளவாக இதைக் கொள்ளலாம்.

இந்தப் பதிவுகளில் ஊழியர்கள் எந்தத் தளத்தைப் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். யார் எதற்காகத் தேடினார்கள் என்பதும் பதிவாக வேண்டும். மேலாளர் வாய்மொழியாகக் கேட்டார் என்பதற்காக ஒருவரது பதிவை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் வந்துவிடக் கூடாது.

தொடர்ச்சி | நிறைமதி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவுப்பணி அவர்களின் பதிலைப் படித்ததும், ஒவ்வொரு மூலத்திலிருந்தும் கடைசியாகப் பதிவு வந்த நேரத்தை வரிசைப்படுத்திப் பார்த்தேன். எங்கள் டொமைன் கன்ட்ரோலர்களில் ஒன்று பல வாரங்களாக எதையும் அனுப்பவில்லை. அதைப் புதிய வன்பொருளுக்கு மாற்றியபோது பதிவு அனுப்பும் ஏஜென்டை யாரும் மீண்டும் நிறுவவில்லை. இன்று மாலையே நிறுவிவிட்டோம்.

விதிகளை நிறுத்தும் முடிவுக்கு மேலாளரும் ஒப்புக்கொண்டார். ஆனால் இரவிலும் விடுமுறை நாளிலும் பார்க்க ஆளில்லை என்ற சிக்கல் அப்படியே நிற்கிறது. வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தால் எவற்றைக் கவனிக்க வேண்டும்? நிர்வாகத்துக்கு எந்த அளவீட்டைக் காட்டலாம்?

பதில் | வடிகட்டி

மூன்று பேரை வைத்து 24 மணி நேரமும் கண்காணிக்க முடியாது. ஓர் இருக்கையை முழு நேரமும் நிரப்பவே, விடுப்பையும் சேர்த்தால் ஐந்து பேருக்குக் குறையாமல் தேவைப்படும். எனவே இரவுக் கண்காணிப்பை வெளியே கொடுப்பது தவறில்லை. ரான்சம்வேர் தாக்குதல்களின் கடைசிக் கட்டம் பெரும்பாலும் அலுவலக நேரத்துக்கு வெளியேதான் அரங்கேறுகிறது.

ஆனால் வெளியார்க்குத் தாக்குபவர்களைத் தெரியும், உங்கள் நிறுவனத்தைத் தெரியாது. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவினர் நள்ளிரவு வரை இருப்பது இயல்பு என்பதும், குறிப்பிட்ட ஒரு கணக்கு ஒரே ஒரு சர்வரில் மட்டுமே பயன்பட வேண்டும் என்பதும் நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அவர்களுக்குத் தெரியும். எழுதப்படும் விதிகளும் பதிவுகளும் உங்களுக்கே சொந்தம், ஒப்பந்தம் முடிந்தால் முழுமையாகத் திருப்பித் தரப்பட வேண்டும் என்பதை முதல் நாளே எழுத்தில் பெறுங்கள்.

இதைவிட முக்கியமானது அதிகாரம். அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு சர்வர் கைப்பற்றப்பட்டது என்று அவர்கள் உறுதியாகக் கண்டால், யாரையும் கேட்காமல் அதை வலையமைப்பிலிருந்து துண்டிக்கலாமா? எந்தெந்தச் சர்வர்களைத் துண்டிக்கலாம், எவற்றுக்கு யாரிடம் தொலைபேசியில் ஒப்புதல் பெற வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதை நிர்வாகத்தின் கையொப்பத்துடன் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். இந்தப் பக்கம் இல்லாவிட்டால், அவர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். காலை ஒன்பதரைக்கு நீங்கள் அதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஒப்பந்தம் தொடங்கியதும், முன்னறிவிப்பு இல்லாமல் ஓர் இரவில் சோதனைக் கணக்கை நிர்வாகிகள் குழுவில் சேர்த்துப் பாருங்கள்.

நிர்வாகத்திடம் எத்தனை எச்சரிக்கைகள் வந்தன என்ற எண்ணைக் காட்டவே வேண்டாம். அது கூடினால் பணி நடப்பது போலவும் குறைந்தால் பாதுகாப்பு கூடியது போலவும் ஒரு தோற்றத்தைத் தரும், இரண்டும் உண்மையல்ல. சோதனை நிகழ்வு நடந்ததிலிருந்து ஒரு மனிதர் அதைத் திறந்து பார்க்க எத்தனை நிமிடம் ஆயிற்று, பத்து விதிகளில் இந்த மாதம் சோதித்தபோது எத்தனை எழுந்தன, இணைக்கப்பட்ட மூலங்களில் எத்தனை இன்று பேசிக்கொண்டிருக்கின்றன என்ற மூன்றையும் காட்டுங்கள். ஊடுருவியவர்கள் கண்டுபிடிக்கப்படும் வரை உள்ளே இருந்த காலத்தின் உலகளாவிய இடைநிலை அளவு, இணையப் பாதுகாப்பு நிறுவனமான மாண்டியன்டின் ஆண்டறிக்கைகளின்படி, 2011-இல் 416 நாள், 2023-இல் 10 நாள். கண்காணிப்பு மேம்பட்டது இதற்கு ஒரு காரணம். ரான்சம்வேர் கும்பல்கள் தாங்களே மிரட்டல் கடிதம் அனுப்பித் தங்களைக் காட்டிக்கொள்வது மற்றொரு காரணம். ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் அவகாசமும் மாதங்களில் இல்லை, நாட்களில்தான் இருக்கிறது.

பெரிய உரிமத்தில் கையெழுத்திடும் முன், கடந்த ஒரு வாரப் பதிவுகளை மூலம் வாரியாகவும் நிகழ்வு எண் வாரியாகவும் அளந்து ஒரு பட்டியல் எடுங்கள். பட்டியலின் உச்சியில், ஃபயர்வால் அனுமதித்த சாதாரண இணைப்புகளும், விண்டோஸ் ஓர் இணைப்பை அனுமதித்ததைச் சொல்லும் 5156 போன்ற, எந்த விதியும் தொடாத நிகழ்வுகளும் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆழ்நோக்கு சொன்னபடி அவற்றை மலிவான சேமிப்பகத்துக்குத் திருப்பிவிட்ட பிறகு மிஞ்சும் அளவு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, விற்பனையாளரிடம் பேசுங்கள்.